இரவல் ஒலிபரப்பி

தமிழ் வானொலியைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது குரல்களிலிருந்துதான் தொடங்குவார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாகப் பிழைப்பவன். புதிதாக ஒரு நிறுவனத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது, இந்தச் சேர்வர் யாருடையது, வாடகைக்கு எடுத்ததா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைத்தான். சில காலமாக அதே கேள்வியைத் தமிழ் வானொலியின் தொடக்க வரலாற்றிடமும் கேட்டு வருகிறேன். குரல் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒலிபரப்பி, அதாவது டிரான்ஸ்மிட்டர், யாருடையது?

கிடைக்கும் விடை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். தமிழை வானில் ஏற்றிய பெரிய இயந்திரங்கள் வேறு ஒருவருடைய தேவைக்காக வந்தவை. தேவை முடிந்ததும் கைமாறின, அல்லது நின்றுபோயின.

இதைப் பாரிசில் இருந்து எழுதுவதால் பாரிசின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1889இல் எழுந்த ஐஃபெல் கோபுரத்துக்குக் கொடுத்த அனுமதி 20 ஆண்டுகளுக்கு மட்டும். அதன்பின் அதைப் பிரித்து எடுத்திருக்கலாம். இராணுவப் பொறியியலாளர் குஸ்தாவ் ஃபெரியே அதன் உச்சியிலிருந்து கம்பியில்லாத் தந்தி அனுப்பும் வேலையைத் தொடங்கியிருந்தார். அந்தப் பயன்தான் கோபுரத்தைக் காப்பாற்றியது; 1910 முதல் மேலும் 70 ஆண்டுகளுக்கு அனுமதி நீண்டது. 1921ஆம் ஆண்டின் இறுதியில் அதே கோபுரத்திலிருந்து இசையும் பேச்சும் ஒலிபரப்பாகத் தொடங்கின. இராணுவம் போட்ட கம்பியில் பாட்டு ஏறியது. உலகின் பல இடங்களில் வானொலி இப்படித்தான் பிறந்தது. எனவே இரவல் என்பது தமிழருக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. இரவல் வாங்கிய பிறகு என்ன நடந்தது என்பதில்தான் நம் கதை வேறுபடுகிறது.

1

சென்னையில் தொடக்கம் ஒரு கழகம். 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் உருவானது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. முதல் கருவியின் வலிமை 40 வாட். ஒரு சிறிய மின்விளக்குக்குச் செலவாகும் மின்சாரம். மாலை நேரத்தில் இசையும் பேச்சுகளும் போயின. அரசு இல்லை, விளம்பரதாரர் இல்லை. ஆர்வலர்களின் சந்தாவும் உழைப்பும் மட்டும். இந்தக் கட்டுரையில் வரும் ஒலிபரப்பிகளில், கேட்பவர்களே சேர்ந்து உருவாக்கியது என்று சொல்லத்தக்கது அநேகமாக இது ஒன்றுதான். அது மூன்றாண்டுகள்தான் தாங்கியது. பணம் போதாமல் 1927இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது.

அதே ஆண்டு இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்ற தனியார் அமைப்பு பம்பாயில் ஜூலை 23 அன்றும் கல்கத்தாவில் ஆகஸ்ட் 26 அன்றும் நிலையங்களைத் திறந்தது. சென்னைக்கு இடம் இல்லை. 1930இல் அந்த நிறுவனமும் கடனில் மூழ்கியது.

கழகத்தின் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி, ரிப்பன் மாளிகையிலிருந்து அன்றாட ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்க வசதி உள்ளவர்கள் அப்போது மிகச் சிலர். ஆகவே மெரீனா கடற்கரையில் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. காற்று வாங்கப் போனவர்கள் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சி இருந்தது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை ஆகியவற்றோடு சங்கீதத்தையும் ஒரு நகராட்சி தன் கடமையாகச் சேர்த்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் நடத்தியது. 'உள்ளூர் வானொலி' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அடுத்த ஆண்டு மே 16 அன்று திருச்சி நிலையம். நகராட்சி ஒதுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் யார் பேசலாம், எதைப் பாடலாம் என்பதை டெல்லி தீர்மானித்தது.

2

கொழும்பின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். அந்தக் கருவி, முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு செய்யப்பட்டது என்று இலங்கை வானொலியின் வரலாறு சொல்கிறது. 1925 டிசம்பர் 16 அன்று, ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட் காலத்தில், வெலிக்கடையிலிருந்து முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆசியாவின் மிகப் பழைய வானொலி நிலையங்களில் ஒன்று இப்படித் தோற்ற ஒரு கடற்படையின் மிச்சத்தில் பிறந்தது.

இரண்டாவது இரவல் மிகப் பெரியது. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பர்மாவிலும் அதற்கு அப்பாலும் இருந்த படையினருக்குச் செய்தியும் பாட்டும் தேவை. அதற்காக 'ரேடியோ சீயாக்' என்ற இராணுவ வானொலி கொழும்பில் தொடங்கியது. ஜா-எல அருகே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. சென்னைக் கழகத்தின் முதல் கருவியைப்போல 2500 மடங்கு வலிமை. அது முழு அளவில் வேலை செய்யத் தொடங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது. படைகள் வீடு திரும்பின. 1949இல் ஒலிபரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 'ரேடியோ சிலோன்' பிறந்தது.

சிறிய தீவு ஒன்றுக்கு இவ்வளவு பெரிய ஒலிபரப்பி தேவையே இல்லை. சிற்றலை நிலத்தை ஒட்டி அதிக தூரம் போகாது. மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பால் இறங்கும். பர்மாவில் இருந்த சிப்பாய்க்காகக் கணக்கிட்ட அலை இந்தியா முழுவதும் இறங்கியது. 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை ஆரம்பமானது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியர் கிளிபர்ட் டொட் அதைக் கட்டியெழுப்பினார்.

இரண்டு ஆண்டுகளில் எதிர்பாராத உதவி டெல்லியிலிருந்து கிடைத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை நெருக்கினார். நேயர்கள் முள்ளைத் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் இந்திப் பாடல் நிகழ்ச்சியான கீத்மாலா கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. தமிழில் மயில்வாகனம் இருந்தார். 1957 அக்டோபர் 3 அன்று டெல்லி விவித் பாரதியைத் தொடங்கி இழந்த நேயர்களை மீட்கப் பார்த்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலும் சலூன்களிலும் இலங்கை வானொலி 1980கள் வரை ஒலித்தது. தமிழ்நாட்டில் தயாரான பாடல் கொழும்புக்குப் போய், ஒரு இலங்கைத் தமிழரின் அறிவிப்போடு தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.

இந்த இரவலால் நம் மொழிக்குக் கிடைத்தது பெரிது. சானா என்று அறியப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகங்களைத் தயாரித்த காலத்தில் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' போன்ற தொடர்கள் யாழ்ப்பாணப் பேச்சை ஒலிவாங்கிக்கு முன் கொண்டுவந்தன. அதுவரை மேடைக்கும் பத்திரிகைக்கும் தூய தமிழ், வீட்டுக்குப் பேச்சுத் தமிழ் என்றிருந்தது. பின்னர் எஸ். ராம்தாஸின் 'கோமாளிகள்' தொடரில் இலங்கைத் தமிழின் பல வட்டார வழக்குகள் ஒரே வீட்டுக்குள் மோதிச் சிரிக்க வைத்தன. 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. நம் பேச்சு பகிரங்கமாக ஒலிக்கத் தகுதியானது என்ற நம்பிக்கையை ஒரு தலைமுறைக்குக் கொடுத்ததில் அந்த நாடகங்களுக்குப் பங்குண்டு.

3

இலண்டன் தமிழ் ஒலிபரப்பும் போரின் பிள்ளை. 1941 மே 3 அன்று பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு ஆரம்பமானது. பிரித்தானியா தன் பேரரசின் மக்களிடம் தன் பக்கத்துச் செய்தியைச் சொல்ல விரும்பியது. எதிர்ப்பக்கத்தில் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. இரண்டு பேரரசுப் போட்டிகளுக்கு இடையில் தமிழுக்கு இரண்டு அலைவரிசைகள் கிடைத்தன.

போர் முடிந்தபின் இலண்டனுக்குப் போன ஊர்காவற்றுறை கரம்பொன்னைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம், அந்த நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டார். ஈழகேசரியில் ஆசிரியராகவும் இலங்கை வானொலியிலும் பணிபுரிந்தவர் அவர். 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதினார். வானொலிக்கு எழுதுவது எப்படி, பேசுவது எப்படி என்று தமிழில் யோசித்த முன்னோடி நூல் அது. தமிழ் ஒலிபரப்பின் கோட்பாட்டை எழுதியவர் புலம்பெயர்ந்து வேலை பார்த்த ஒருவர் என்பது நம் வாசகர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

தமிழோசைக்கு நானும் கடன்பட்டவன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒருவர் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலியில் பொருத்துவோம். சுற்றுபவர் களைத்தால் இலண்டன் மெலியும். பெரியவர்கள் காதைக் கிட்டக் கொண்டுபோவார்கள். 'சுத்தடா தம்பி, கொழும்புச் செய்தி வருது' என்று அப்பா சொல்வார். எங்கள் ஊரில் குண்டு விழுந்த செய்தியை 8000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒருவர் சொல்ல, நாங்கள் அதை எங்கள் கால் வலியில் வாங்கிக்கொண்டோம். 2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது; நாம் இரவல் வாங்கியவர்கள்.

தமிழர் தாமே வைத்திருந்த ஒலிபரப்பி இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். இருந்தது. 1990 முதல் புலிகளின் குரல் இயங்கியது. அது ஓர் இயக்கத்தின் வானொலி. இயக்கத்துக்கு உடன்படாத குரலுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. 2007 நவம்பர் 27 அன்று இலங்கை விமானப்படை கிளிநொச்சியில் அந்த நிலையத்தைக் குண்டுவீசி அழித்தபோது அங்கு வேலை செய்தவர்களும் அயலில் இருந்த பொதுமக்களும் இறந்தார்கள். பாரிசைத் தலைமையகமாகக் கொண்ட எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு அதைக் கண்டித்தது. ஒலிபரப்பி சொந்தமாக இருந்தாலும் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

4

இனி நம் தெருவுக்கு வருவோம். 1981 என்ற ஒரே ஆண்டில் மூன்று நிகழ்வுகள். மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதே மே மாதம் பிரான்சில் பிரான்சுவா மித்தரான் குடியரசுத் தலைவரானார். அவருடைய அரசு அக்டோபர் 9 அன்று கொண்டுவந்த சட்டம், வெளிநாட்டவர் முன் அனுமதியின்றிச் சங்கம் அமைக்கலாம் என்றது. 1939 முதல் இருந்த தடை நீங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று வந்த சட்டம், ஒலிபரப்பில் அரசு வைத்திருந்த ஏகபோகத்தைத் தளர்த்திச் சங்கங்கள் உள்ளூர் வானொலி நடத்த வழிவிட்டது. எல்லை 30 கிலோமீற்றர், விளம்பரம் கூடாது. விளம்பரத்துக்கு 1984இல்தான் அனுமதி வந்தது.

அந்த மூன்றாண்டுகளுக்கு நடுவே 1983 ஜூலை. கலவரத்துக்குப் பின் இளைஞர்கள் பாரிசுக்கு வந்து இறங்கிய காலத்தில், வெளிநாட்டவர் சங்கம் வைக்கலாம், சங்கம் வானொலி வைக்கலாம் என்ற இரண்டு கதவுகளும் புதிதாகத் திறந்திருந்தன. 1981இலேயே வட ஆபிரிக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் 'ரேடியோ பர்' தொடங்கிவிட்டார்கள். நம்மவர்களுக்கு மொழி தெரியாது, விசா இல்லை, உணவகத்தில் பன்னிரண்டு மணி நேரக் கோப்பை கழுவல். கார் து நோரில் இறங்கி, ஃபோபூர் சென்-துனி வீதியால் லாச்சப்பல் வரை நடந்து, அறை தேடி, வேலை தேடி, கோயிலும் பலசரக்குக் கடையும் கசெற் கடையும் அமைக்கவே பத்து ஆண்டுகள் போயின. அதற்குள் பாரிசின் பண்பலை வரிசையில் இடம் நிரம்பிவிட்டது.

ஆகவே நம் வானொலி வானத்துக்குப் போனது. 1990களின் பிற்பகுதியில் இலண்டனில் ஐபிசி தமிழும் பாரிசில் டி.ஆர்.டி. தமிழ் ஒலியும் செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பாவெங்கும் தமிழில் பேசின. பல்கனியில் தட்டு வைத்த வீடுகளில் பகல் முழுவதும் தமிழ் ஓடியது. நேயர் தொலைபேசியில் வந்து ஊர்ப்பெயர் சொல்லி, பாட்டுக் கேட்டு, மரண அறிவித்தல் கேட்டு அழுதார். அந்த நிலையங்களின் அரசியல் பற்றிப் பல விவாதங்கள் உண்டு. அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை. இங்கே நான் பார்ப்பது கம்பியை மட்டும். செயற்கைக்கோளில் ஓர் ஒலித்தடம் என்பது மாத வாடகை. வாடகை நின்றால் அன்றே குரல் நிற்கும். இன்றைய இணைய வானொலிகளும் வாடகைச் சேர்வரில்தான் வாழ்கின்றன.

5

இரவலில் வாழ்ந்ததன் விலை, ஒலிபரப்பி போகும்போது பதிவுகளும் போய்விடுவது. பிரான்சில் 1992 ஜூன் 20 சட்டம், புத்தகங்களைப்போல வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் நாட்டின் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆக்கியது. தேசிய ஒலி-ஒளிக் காப்பகமான ஐ.என்.ஏ. அதைச் செய்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. எந்த நாட்டின் காப்பகத்துக்கும் நம் குரல் முதற்கடமை அல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் அச்சு ஆவணங்களையும் அண்மைக் காலமாக ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறது. அவர்களுக்கு யாராவது கொடுத்தால்தான் உண்டு.

கொடுக்க வேண்டியவை லாச்சப்பலைச் சுற்றியும் புறநகர்களிலும் உள்ள வீடுகளில், நிலவறைகளில், பிஸ்கட் தகரங்களில் கிடக்கின்றன. இலங்கை வானொலியை ஊரில் பதிந்து கொண்டுவந்தவை, ஐரோப்பாவில் செயற்கைக்கோள் வானொலியிலிருந்து பதிந்தவை, ஊருக்கும் இங்குமாகப் பறந்த கசெற் கடிதங்கள். கடந்த ஆண்டு வீடு மாறிய ஓர் அம்மா என்னிடம் அறுபது கசெற்றுகள் அடங்கிய பை ஒன்றைத் தந்தார். 'உதுக்குள்ள என்ன கிடக்குதெண்டு எனக்கே தெரியாது தம்பி. பிள்ளையள் எறியச் சொல்லுதுகள். எறிய மனம் வரேல்லை' என்றார். பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. ஒன்பதில் வானொலி. ஒன்றில் நாடகம் ஒன்றின் இருபது நிமிடம். தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. வானொலிக்கு முன் இன்னொரு பெட்டியை வைத்து ஒலிவாங்கியால் பதிந்திருக்கிறார்கள். ஆகவே நாடகத்தோடு உரலிடிக்கும் சத்தமும் நாய் குரைப்பும் 'சத்தம் போடாதை, ரேப் ஓடுது' என்ற ஒரு பெண்குரலும் பதிவாகியிருக்கின்றன. அந்தக் குரல் தன் மாமியுடையது என்றார் அந்த அம்மா. மாமியின் வேறு பதிவு எதுவும் இல்லை.

காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. அதை ஓட்டும் நல்ல கருவிகளுக்கு இன்னும் குறைவு. யுனெஸ்கோவும் ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் தொடங்கிய திட்டத்தில், 2025ஆம் ஆண்டளவில் நாடாப் பதிவுகளை மீட்டெடுப்பது மிகக் கடினமாகிவிடும் என்று எச்சரித்தன. யுனெஸ்கோவின் தலைமையகம் நம் வீடுகளிலிருந்து சில மெட்ரோ நிலையங்கள் தள்ளித்தான் இருக்கிறது.

என் தொழிலின் கணக்கில் சொன்னால் வேலை பெரிதல்ல. ஒரு மணி நேரக் கசெற்றை மிக நல்ல தரத்தில், 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று பதிந்தால் ஏறக்குறைய 2 கிகாபைட். ஒரு டெராபைட் வன்தட்டில் 480 மணி நேரம் அடங்கும். ஒரு மணி நேரக் கசெற்றுக்கு ஒரு மணி நேரம் செலவாகும். அதைக் குறைக்க வழி இல்லை. மலிவான யூஎஸ்பி கசெற் பெட்டிகள் வேண்டாம். தலை சுத்தமான பழைய டெக் ஒன்று தேடுங்கள். முதலில் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். உறையில் எழுதியிருப்பதைப் படம் எடுங்கள். எந்த ஆண்டு, எந்த நிலையம், யார் பதிந்தார், பின்னால் கேட்கும் குரல் யாருடையது என்பதை, தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இந்தக் கடைசி வேலைக்குக் கணினி உதவாது. தமிழ் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். கேட்கத் தெரிந்தால் போதும்.

சென்னைக் கழகத்தின் 1924 மாலைகளிலிருந்து நமக்குத் திகதிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே என்ன பாடினார்கள் என்று கேட்க முடியாது. அன்று பதிந்து வைக்க வீட்டில் ஒரு கருவி எவரிடமும் இருக்கவில்லை. நம் வீடுகளில் கருவி இருந்தது, பதிந்தும் வைத்தோம். ஒலிபரப்பிகள் எல்லாம் இரவல். அந்தப் பிஸ்கட் தகரங்கள் மட்டும் நம்முடையவை.